ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 12

தங்கச்சிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு வார்டுக் கூட்டத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் ஊரில் இல்லை, எனக்குத் தெரியாது என்று கையை விரிக்கக் கூடாது. வார்டுத் தலைவர். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர். சுகாதார நிலையத்து நர்ஸ். பேக்கரிக்காரர். பஸ் நிறுத்தத்தில் செருப்பு தைக்கிற பெரியவர். பள்ளிக்கூடத்துக் காவலாளி, அவனைப் பூட்டு என்றுதான் ஊரே கூப்பிடுகிறது, கண்ணில் படுவதையெல்லாம் பூட்டிவிடுவான். என் மருமகள். அப்புறம் நான். மழை கொட்டியதால் மொத்தம் எட்டே பேர். வார்டு அலுவலகத்து முன் அறை, ஒழுகாத மூலையில் எட்டு நாற்காலி.

பேச்சு இதுதான். இந்த வருஷம் ஊருக்கு வந்திருக்கிற பொதுப்பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியுமாம். நோயாளியை ஏற்றிப்போக ஒரு வண்டி. இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய திரை, பன்னிரண்டு கம்ப்யூட்டர், அதற்கு இணைய லைன். எதற்குக் கை தூக்குகிறீர்கள் என்று தலைவர் கேட்டார்.

நான் எதற்குத் தூக்குவேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் மூன்றாம் தேதி உன் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி பத்து இருபது. பக்கத்து ஊரிலிருந்து வண்டி வந்தபோது மணி ஒன்று. நான் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் வண்டிக்கு என் கை முதலில் போனது. பேக்கரிக்காரர் தூக்கினார், செருப்பு தைக்கிறவர் தூக்கினார். மூன்று.

கம்ப்யூட்டருக்குப் பெரிய டீச்சர், பூட்டு. மூன்றாவதாக யார் தெரியுமா, நர்ஸ். வண்டி வந்தால் அவள் வாசலில்தான் நிற்கும், அவளே வேண்டாம் என்றாள். மூன்றுக்கு மூன்று. தலைவர் யார் பக்கமும் இல்லை. மிச்சம் இருந்தது என் மருமகள் ஒருத்திதான். என்னைப் பார்க்காமல், மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள். கம்ப்யூட்டருக்கு.

இரண்டு பேரும் ஒரே குடையில் போயிருந்தோம். திரும்பும்போது நான் நனைந்துகொண்டு வந்தேன். அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. உன் மகன் கப்பலில் இருந்து ஊர் திரும்புகிற வரைக்கும் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரியும். நீ தூக்கி வளர்த்தவன், அதனால்தான் உன் மகன் என்று எழுதுகிறேன்.

நான் நலம், முட்டியைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய், சாப்பாடு இறங்குகிறதா?

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் நனைந்தே வந்தது, உன் கோபத்தினாலா மழையினாலா தெரியவில்லை.

அத்தான் பேச்சை எடுத்தாயே, அதற்கு நான் என்ன எழுதினாலும் குறைதான். எழுதவில்லை.

ஆனால் மருமகளை விட்டுவிடு. அந்தப் பெண் காரணமில்லாமல் கை தூக்குகிறவள் இல்லை. கேட்டாயா அவளை? கேட்டிருக்க மாட்டாய். உனக்குத் தீர்ப்பு முதலில், விசாரணை அப்புறம்.

இங்கே பஸ் நிலையத்தில் எல்லாம் வழக்கம்போல. முப்பத்தோரு வருஷமாக அறிவிப்பு செய்கிறேன், இந்த மாசம் முதல் தடவையாக ஒரு டிரைவர் வந்து, "மேடம், எந்த நம்பர்னு கேக்கல, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றான். என்னைப் பார்த்து. நான் பேசினால் மூன்று தெரு தள்ளிக் காக்கா பறக்கும் என்று நீயே சொல்வாய். அறைக் குளிர்தான், தொண்டை கட்டியிருக்கிறது. உன் முட்டி மாதிரி.

போனில் பேசலாம் என்றால் உங்கள் ஊர் சிக்னல் உனக்குப் பிறந்த பிள்ளை மாதிரி, கூப்பிட்டால் வராது. சீக்கிரம் பதில் போடு. அறைக்குத் திரும்பினால் கதவிடுக்கில் உன் கடிதம் இருக்கிற நாள்தான் எனக்கு நாள்.

தங்கச்சி

*

பிப்ரவரி 14

தங்கச்சிக்கு,

முட்டி அப்படியே. உன் தொண்டைக்கு வெந்நீர் குடி, ஐஸ் தண்ணீரைத் தொடாதே. உனக்கு எட்டு வயதிலும் இதைத்தான் சொன்னேன், நீ அன்றைக்கும் கேட்கவில்லை.

அது வந்து இறங்கிவிட்டது. இரண்டு லாரி. நாம் படித்த அந்த நீள அறையில்தான் வைத்திருக்கிறார்கள். நாம் படித்த என்று எழுதிவிட்டேன், நீ படித்த. என்னை மூன்றாம் வகுப்போடு அப்பா நிறுத்தினது ஜூன் மாசம், திங்கட்கிழமை. ஒரு பிள்ளைக்குத்தான் சீருடை தைக்க முடியும், சின்னவள் போகட்டும் என்றார். நான் உன் கையைப் பிடித்து வாசற்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டேன். படியில் என் காலை வைக்கவில்லை. அன்றைக்கு வைக்காத காலை இந்த டப்பாக்களைப் பார்க்க வைப்பேனா? வைக்க மாட்டேன் என்று பெரிய டீச்சரிடமே தெருவில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "படி எங்கயும் போகாதுங்க, எப்ப வேணா வாங்க" என்றார். அந்தச் சிரிப்பை மனதில் வைத்திருக்கிறேன்.

ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டார்கள், மெஷினில் தூசி விழக்கூடாதாம். பூட்டுக்குக் கொண்டாட்டம். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு கண்ணாடியையும் சாத்தி, கொக்கியை மாட்டி, மாட்டினதைத் தட்டியும் பார்க்கிறான்.

மாலையில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும், சனிக்கிழமை முழுக்க, ஊர்க்காரர்கள் யாரும் வந்து உட்காரலாம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாங்கினது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லையாம். யார் போகப்போகிறார்கள் பார்க்கலாம்.

வீட்டில் பிரம்பு நாற்காலி அப்படியே கிடக்கிறது. பேத்தி ஒரு நாள் அதில் உட்கார்ந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே எழுந்துவிட்டாள்.

அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றே எழுதுகிறேன், நீயும் அப்படியே எழுது.

மைக்கை வேறு ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். கெட்டிக்காரி, ஆனால் ஊர்ப் பெயர்களை விழுங்குகிறாள். இரண்டு வருஷம் முன்னால் என் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், தினமும் நான் வந்து உட்காரத் தேவையிருக்காது என்றார்கள். அப்படி என்றால் நான் எங்கே போய் உட்காருவது என்று கேட்டு வேண்டாம் என்றுவிட்டேன். மெஷின் மேல் கோபம் உனக்கு மட்டும் இல்லை, பார்த்தாயா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெரிய டீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்கு வெளியூரில் வேலை செய்கிறவர்கள் யாரையாவது அந்தத் திரையில் பிள்ளைகளோடு பேச வைக்கிறாராம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். மருமகள்தான் சொல்லியிருப்பாள். இங்கே எங்கள் நிலைய அலுவலகத்தில் காமிரா உண்டு, நான் உட்கார்ந்தால் போதும். நீ பின்வரிசையில் வந்து உட்காரு அக்கா. நான் உன் முகத்தைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. அத்தான் காரியத்துக்கு வந்தபோதுகூட நீ தலையை நிமிர்த்தவில்லை.

தங்கச்சி

*

மார்ச் 5

தங்கச்சிக்கு,

சொன்னால் சொன்னதுதான். படியேற மாட்டேன்.

யார் யார் போகிறார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறேன், எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் அந்தக் கேட் தெரியும். முதலில் போனவர் செருப்பு தைக்கிற பெரியவர். என்னோடு வண்டிக்குக் கை தூக்கினவர். வெட்கமில்லையா என்று கேட்டேன். முதியோர் பணம் பதினோரு மாசமாக நின்றுபோயிருந்ததாம், ஏழெட்டுத் தடவை பஸ் ஏறிப் போய், ஒரு நாள் வேலையை விட்டு, வரிசையில் நின்று திரும்பியிருக்கிறார். இங்கே ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அரை மணி நேரத்தில் மனு போட்டுக் கொடுத்தாளாம். "கை தப்பா தூக்கிட்டேன்னு இப்பதான் தெரியுது" என்கிறார். அவரை இனிமேல் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

அப்புறம் பேக்கரிக்காரர். அடுப்புப் பாகம் ஒன்று உடைந்து கடையை மூடிவிடுகிற நிலைமை. அதைச் செய்கிறவனைத் திரையில் பிடித்து, உடைந்ததை அவன் கண்ணெதிரே காட்டி, சரி செய்வது எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஆக எனக்குத் துணையாகக் கை தூக்கின இரண்டு பேரும் போய்விட்டார்கள். வண்டி வேண்டும் என்று இந்த ஊரில் இப்போது நினைக்கிறவள் நான் ஒருத்திதான்.

மருமகள் செவ்வாயும் வெள்ளியும் போகிறாள். உடை வெட்டுகிற அளவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள் என்று பேத்தி சுவரைப் பார்த்துச் சொன்னாள். இந்த வீட்டில் செய்தியெல்லாம் இப்போது சுவர் வழியாகத்தான். நர்ஸ் வியாழக்கிழமைதோறும் யாரையாவது கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறாள். எதற்கோ. நான் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு விளக்கை அணைப்பார்கள். அதுவரைக்கும் அந்த அறையில் தலைகள் தெரிகின்றன, அதற்கப்புறம் தெருவில் ஒன்றும் இல்லை. நான் உள்ளே வந்து ஒரு தட்டு வைத்துச் சாப்பிடுவேன். கை பழக்கத்தில் இரண்டு எடுத்துவிடுகிறது.

உன் குரலைக் கேட்கத் திரை எதற்கு? லீவு போட்டு ஊருக்கு வா.

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

இந்தத் தடவை நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

ஊருக்கு வர இப்போது முடியாது. ஏன் என்று கேட்காதே. 21ஆம் தேதி சனிக்கிழமை, நாலு மணி. அதற்கு அடுத்த சனிக்கிழமை ஆகாது, அதற்கடுத்ததும் ஆகாது. 24ஆம் தேதிக்கு முன்னால் என்னிடம் இருப்பது அந்த ஒரு நாள்தான். என் வாழ்நாளில் உன்னிடம் ஒன்று கேட்டு நீ இல்லை என்றதில்லை. உன் சிலேட்டைக் கேட்டேன், கொடுத்தாய். உன் படிப்பையே கொடுத்தாய், அதை நான் கேட்கவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். இப்போது கேட்கிறேன்.

நீ பேச வேண்டாம். நான் பேசுவதைக் கேட்டால் போதும். பத்து நிமிஷம்.

தங்கச்சி

*

மார்ச் 23

தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலம்தானே.

சனிக்கிழமை வர முடியவில்லை. முட்டி. காலையிலிருந்தே வீக்கம், எழுந்து தண்ணீர் எடுக்கக்கூட முடியவில்லை. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், கை தட்டினார்கள் என்று பேத்தி சுவரிடம் சொன்னாள். சந்தோஷம்.

இந்த வெயிலில் கழுத்தில் எதற்கு அந்தச் சாம்பல் நிறத் துண்டு? நெற்றிப் பக்கம் முடி இவ்வளவு கொட்டியிருக்கிறதே, எண்ணெய் வைப்பதில்லையா?

24ஆம் தேதி என்ன என்று எழுது. நாளைக்குத்தான் அது.

அக்கா

*

ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

பதில் இல்லை. தபால்காரரை மூன்று தடவை கேட்டுவிட்டேன். அவர் பையையே திறந்து காட்டிவிட்டார்.

கோபமா? கோபம் என் பங்கு, அதை நீ எடுத்துக்கொள்ளாதே. ஒரு வரி போடு.

அக்கா

*

மே 8

தங்கச்சி,

மருமகளிடம் கேட்டேன். ஆமாம், நான்தான், வாயைத் திறந்து கேட்டேன். நூற்றுப் பதினாறு நாளுக்கு அப்புறம். உனக்கு ஏதாவது தெரியுமா, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "சின்னத்தை எழுதுவாங்க, நான் சொன்னா நல்லா இருக்காது அத்தை" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குமேல் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

எழுது.

அக்கா

*

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூன்று கடிதத்தையும் ஒன்றாகத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது அறைக்கு வந்துவிட்டேன். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர், இரண்டு தடவை சொன்னார்.

குரல்வளையில் கட்டி. 24ஆம் தேதி எடுத்தார்கள். கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். இனிமேல் பேச்சு வராது அக்கா. காக்காய்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாய் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. பரிதாபப்பட்டு நீ அந்தப் படியேற வேண்டாம், நான் கூப்பிட்டேன் என்று ஏறினால் போதும் என்று நினைத்தேன். எனக்கும் உன் ரத்தம்தானே ஓடுகிறது.

எழுத நேரம் நிறைய இருக்கிறது. இங்கே யாரும் வருவதில்லை. புதுப் பெண் அறிவிப்பு சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்கிறது, அவள் விழுங்குகிற ஊர்களை நான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். முட்டி வீங்கி வீட்டில் படுத்திருந்தவள் என் கழுத்துத் துண்டின் நிறத்தை எப்படிப் பார்த்தாய்?

தங்கச்சி

*

ஜூன் 9

தங்கச்சிக்கு,

நீ நலமா என்று எழுதக் கை வரவில்லை. வலி இருக்கிறதா, எதைச் சாப்பிடுகிறாய், யார் சமைத்துத் தருகிறார்கள், எல்லாம் எழுது.

நான் வந்தேன். 21ஆம் தேதி மூன்று ஐம்பதுக்கே வந்துவிட்டேன். படி வரைக்கும் வந்தேன், கால் ஏறவில்லை. பின்பக்கம் போய், மூன்றாவது ஜன்னலில் நின்றேன். எந்த ஜன்னல் என்று உனக்குத் தெரியும். உன்னை வகுப்பில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகாமல் நிற்பேனே, அது. நீ எல்லோரையும்விடச் சத்தமாகப் படிப்பாய். வாத்தியார் காதை மூடிக்கொள்வார். நான் வெளியே நின்று நீ சொல்வதை மண்ணில் குச்சியால் எழுதிப் பார்ப்பேன். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் நான் உன் குரலில்தான் படித்தேன். இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன் என்றால் அது அந்த ஜன்னல்.

அன்றைக்கு அதில் கண்ணாடி கிடையாது. இன்றைக்கு இருக்கிறது, பூட்டு கொக்கியும் மாட்டியிருக்கிறான். திரையில் உன் முகம் சுவர் அளவுக்குத் தெரிந்தது. ஒரு சத்தம் கேட்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அதுவும் கேட்கவில்லை. கடைசியில் நீ ஒரே மாதிரி மூன்று தடவை வாயை அசைத்தாய். ஒரு தட்டு தட்டியிருந்தால் திறந்திருப்பான். தட்ட ஓங்கினேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கையை இறக்கிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள், வியாழக்கிழமை, படியேறினேன். வலது காலை வைத்தேனா இடது காலையா என்று ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லாத ஒன்றே ஒன்று அதுதான்.

உள்ளே நர்ஸ் இருந்தாள். பேக்கரிக்காரரின் அம்மாவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தாள், திரையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். பள்ளிக்கூடத்துக்கு வந்த லைனில் வாரம் ஒரு நாள் அவர் இந்த ஊரைப் பார்க்கிறார். எல்லாம் முடியும்வரை காத்திருந்து, வண்டி வேண்டாம் என்று ஏன் கை தூக்கினாய் என்று கேட்டேன். ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்து ஐயாவுக்கு ஈசிஜி எடுத்தேன்மா. தாள் கையில இருந்துச்சு, மருந்தும் அலமாரியில இருந்துச்சு. ஆளுக்கு ஒத்துக்கலன்னா அதே மருந்து உயிரை எடுத்துடும். கொடுக்கலாமான்னு கேக்க எனக்கு ஒரு டாக்டர் வேணும். போனை வச்சுக்கிட்டு மாடிக்கும் ரோட்டுக்கும் ஓடினேன், சிக்னல் கிடைக்கல. வண்டி வாசல்லயே நின்னிருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேரம்மா." கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றேன். தெரியாது என்றாள். பொய் சொல்லாமல் தெரியாது என்றதால் அவளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். மருமகளுக்கு இது அன்றைக்கே தெரியும். என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று நூற்றுப் பதினாறு நாள் என் கோபத்தைத் தின்றிருக்கிறாள்.

அப்புறம் பெரிய டீச்சர் வந்தார். சிரிக்கவில்லை. சனிக்கிழமைப் பேச்சையெல்லாம் பதிந்து வைப்போம், வராத பிள்ளைகள் பார்க்கட்டும் என்று, உங்கள் தங்கச்சி பேசினதும் இருக்கிறது என்றார். என்னை முன்வரிசையில், பிள்ளைகள் உட்காருகிற அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்.

கேட்டேன். கரகரவென்று இருந்தது, ஆனால் நீதான். டிக்கெட் தொலைத்த கிழவர் கதை, தப்பான பஸ்ஸில் ஏறின மாப்பிள்ளை கதை. கடைசியில் அந்த மூன்று தடவை.

"பயணிகள் கவனத்துக்கு. மூணாம் வகுப்போட இறங்கிப்போன அக்கா ஒருத்தரைக் காணோம். நரைச்ச கொண்டை, மூக்கு நுனியில கோபம். அக்கா எங்க இருந்தாலும் உடனே உள்ள வரவும். தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கேன்."

மூன்றாவது தடவை உன் குரல் போய்விட்டது, வெறும் காற்றுதான் வந்தது. நான் அப்போது ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

திருப்பிப் போடச் சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்காதே. பூட்டு ஏழு மணி ஆகியும் பூட்டவில்லை.

அக்கா

*

ஜூன் 21

அக்கா,

நலம். கஞ்சிதான் இறங்குகிறது, கீழ் வீட்டு அம்மா வைத்துத் தருகிறார்கள்.

மூன்றாவது ஜன்னல் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நான் அவ்வளவு சத்தமாகப் படித்தது வாத்தியாருக்காக என்றா நினைத்தாய்?

சனிக்கிழமை நாலு மணிக்கு வா. சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 18

தங்கச்சிக்கு,

சனிக்கிழமைதான் பார்த்தோம். எட்டு சனிக்கிழமை ஆகிவிட்டது. நீ சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாய், நான் சத்தமாகப் படிக்கிறேன், அறையில் இருக்கிற எல்லோரும் நீ அடிக்கிற கிண்டலுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இருந்தாலும் ஏழு மணிக்கு விளக்கை அணைத்ததும் உன் முகம் போய்விடுகிறது. நேற்று நடந்ததைக் கடிதத்தில்தான் எழுத வேண்டும், சிலேட்டில் அடங்காது.

மறுபடியும் கூட்டம். அன்றைக்கு எட்டு நாற்காலி, இன்றைக்கு இருபத்தாறு பேர், பாதிப் பேர் நின்றுகொண்டு. தலைவர் சொன்னார், இணைய லைனுக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டியிருக்கிறது, மெஷின் தேய்கிறது, அதனால் பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும் லைன், மாலையிலும் சனிக்கிழமையும் அறையை மூடிவிடலாம், பிள்ளைகளுக்கு வாங்கினது பிள்ளைகளோடு இருக்கட்டும். எனக்குக் காது அடைத்துவிட்டது. சனிக்கிழமை நாலு மணி என்றால் எனக்கு என்ன என்று இருபத்தாறு பேருக்கும் தெரியும், ஆனால் என் தங்கச்சிக்காகத் திறந்து வையுங்கள் என்று கேட்க முடியுமா? வாய் வரவில்லை. மருமகள் என் முழங்கையைத் தொட்டு, "எழுந்திருங்க அத்தை" என்றாள்.

எழுந்தேன். "பிள்ளைங்களுக்கு வாங்கினதுங்கறீங்க. அந்தப் பிள்ளைங்க சாயங்காலம் எங்க போகுது? எங்க வீட்டுக்குத்தானே வருது?" என்றேன். செருப்பு தைக்கிறவருக்கு மனு போட்டுக் கொடுத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பேக்கரி திறந்திருப்பதால் ரொட்டி தின்பது எல்லோரும், என் மருமகள் புதிதாக வெட்டக் கற்றதில் இரண்டு பெண்களைக் கூட வேலைக்கு வைத்திருக்கிறாள், வியாழக்கிழமை டாக்டர் பார்ப்பது யார் வீட்டுக் கிழவியை என்று வரிசையாகச் சொன்னேன். தேதியோடு சொன்னேன், என் வாசலிலிருந்து பார்த்த ஒன்றும் விட்டுப்போகவில்லை. "நான்தான் வேணாம்னு முதல்ல கை தூக்கினவ. வண்டி இப்பவும் வேணும், அடுத்த வருஷம் கேப்பேன். ஆனா ஊர்ப் பணத்தைப் போட்டு வாங்கின ஜன்னலைச் சாத்தி வைக்காதீங்க. வெளிய நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

பூட்டு எழுந்தான். ஏழு மணி வரைக்கும் இருந்து பூட்டுவதற்கு அவனுக்குச் சம்பளம் ஒன்றும் தர வேண்டாமாம், சும்மா வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன் என்றான். அப்புறம் கைகள். இருபத்தைந்து. தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் கையையும் தூக்கினார். திரும்பும்போது நல்ல வெயில், இருந்தாலும் மருமகள் குடையை விரித்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வந்தோம்.

வீட்டுக்கு வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தடவை. உட்கார்ந்து என் கணக்கையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நர்ஸை விட்டாயிற்று. மருமகளிடம் மன்னிப்பு கேட்க வேண்டியவள் நான், அதை அவள் கேட்க விடமாட்டேன் என்கிறாள். பெரிய டீச்சரின் சிரிப்பை மறந்துவிட்டேன். தலைவர், சரி போகட்டும். அப்பாவையும் விட்டுவிட்டேன் தங்கச்சி. ஒரு சீருடைதான் தைக்க முடியும் என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜன்னலைத் தட்டாத அந்தக் கையைக்கூட விட்டுவிட்டேன், வயதான கை.

ஒரே ஒரு ஆள் மிச்சம். கட்டி என்று ஒரு வரி எழுதியிருந்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருப்பேன். பத்து நிமிஷக் குரலை எனக்காக வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்காதே என்று எழுதினவளை மன்னிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. மன்னித்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுவாய், நீ அப்படிப்பட்டவள்தான். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்து, சிலேட்டில் எழுதி எழுதிக் கேள். எத்தனை வருஷம் ஆனாலும் நான் படித்துவிட்டு, முடியாது என்று சத்தமாகச் சொல்வேன்.

கஞ்சியோடு நிறுத்தாதே, முட்டையும் சாப்பிடு. என் முட்டி பரவாயில்லை. நான் மன்னிக்காத ஆள் யார் என்று மருமகள் கேட்டாள். சொல்லிவிட்டேன்: என் தங்கச்சி.